வானம்பாடித் தெரு முதலில்

பேக்கரி வரிசையில்தான் முதலில் காதில் விழுந்தது. வெந்நீர்ச் சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர், பள்ளிக்கூட மைதானத்துக்கு அடியிலிருக்கும் பழைய பதுங்கு அறையில் ஒன்றரை நாள் அடைந்துகிடந்து, கடுங்குளிரில் சூடு குறைந்தால் ஊரில் எந்தத் தெரு முதலில் விறைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுவிட்டு வந்திருக்கிறார்களாம். பட்டியலின் தலையில் தன் சொந்தத் தெருவையே எழுதிக் கொடுத்தாளாம் சோல்வாய்.

"பைத்தியம்" என்றான் எனக்கு முன்னால் நின்றவன்.

"பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பீத்தல்" என்றாள் கல்லாவிலிருந்த போடில். சோல்வாயின் நாத்தனார் அவள். "ஊருக்காகத் தியாகம் பண்றாளாம். விறைக்கப்போறது எங்கண்ணன். அவனை ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? உனக்கு எத்தனை ரொட்டி?"

"ரெண்டு."

எங்கள் ஊரில் வதந்தியின் ஆயுள் மூன்று நாள். டென்மார்க்கின் இந்த லிம்ஃப்யோர்டுக் கடற்கழிக் காற்று அதற்குமேல் எதையும் ஓரிடத்தில் இருக்கவிடாது. இது மூன்று வாரமாகியும் அசையவில்லை. அதனால் விசாரிக்கக் கிளம்பினேன். பொதுநல நோக்கம் எதுவும் இல்லை. பட்டியலில் என் தெரு எத்தனையாவது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இந்த எழுத்தை ஊரில் என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் ஆட்களின் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன், தெருக்களின் பெயரை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன். இங்கே தெருக்களுக்குப் பறவைப் பெயர் வைப்பார்கள். குளிர் வந்தால் பறவைகள் தெற்கே போய்விடும், தெருக்கள் அங்கேயே கிடக்கும். இன்னொன்று: மேலாளர் முதல் குழாய்க்காரன் வரை இங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். நானும் அவன், அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவென்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வெந்நீர்ச் சங்கம் என்பது ஊருக்கே பொதுவான ஒரு கொதிகலன். அங்கே காய்கிற தண்ணீர் மண்ணுக்கடியில் குழாயில் ஓடி, வீடுவீடாகப் புகுந்து, சுவரோர ரேடியேட்டரில் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும். வீடு வைத்திருக்கிற எல்லோரும் சங்கத்தில் பங்காளிகள். ஆகவே எல்லோருக்கும் திட்டும் உரிமை உண்டு. அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும் வேலை முப்பத்தொரு வருஷமாக சோல்வாயுடையது. இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு. "ரேடியேட்டரோட மேல் மூலையைத் தொட்டுப் பாரு. ஜில்லுனு இருக்கா, வெதுவெதுன்னு இருக்கா?" என்ற அந்தக் குரலைக் கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு குளிர்காலமும் கழிந்ததில்லை. கோபப்படாத குரல். இரங்காத குரலும்கூட. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கூடப்பிறந்த அண்ணன் போன் பண்ணி, "நான்தான்டி, வீடு ஐஸா இருக்கு" என்றபோது, "வாடிக்கையாளர் எண் சொல்லு" என்றாளாம். சொன்னான். வரிசையில் அவன் ஒன்பதாவது. ஒன்பதாவதாகத்தான் ஆள் போனது.

சலுகை கேட்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. சலுகை கேட்கவும் தெரியாது. பழைய விறகு அடுப்புகளைக் கழற்றச் சொல்லிச் சங்கம் ஊரைக் கெஞ்சியபோது முதலில் கழற்றிய வீடு அவளுடையது. அடுப்பு இருந்த இடத்தில் இப்போது ஆக்ஸிஜன் மெஷின் நிற்கிறது. புருஷன் ஹெல்கெ கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் வெல்டிங் பண்ணியவன். நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறது. மெஷினிலிருந்து மூக்குக்கு வரும் குழாய் எட்டு மீட்டர். அவன் உலகத்தின் எல்லையும் அதுதான்: அடுப்படி, குளியலறை, தெருவைப் பார்க்கிற ஜன்னல். வீடு இருபது டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். குளிர்காற்று உள்ளே போனால் நெஞ்சு பூட்டிக்கொள்ளும், பூட்டினால் திறப்பது கஷ்டம்.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன்.

"வதந்தி நெசமான்னு கேக்க வந்தியா, உன் தெரு எத்தனையாவதுன்னு கேக்க வந்தியா?" என்றாள் சோல்வாய், காப்பியை ஊற்றிக்கொண்டே.

"ரெண்டாவதைத்தான்."

"ரெண்டாவதுதான். கொக்குத் தெரு. எங்களுக்கு அடுத்து."

"பக்கத்துல பக்கத்துல விறைக்கலாம், கவலைப்படாதே" என்றான் ஹெல்கெ. சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அது முடியும்வரை அவள் கையிலிருந்த கெட்டிலோடு அப்படியே நின்றாள். அவள் பார்த்தது அவனை இல்லை, சுவரிலிருந்த வெப்பமானியை.

நடந்தது இதுதான். அக்டோபரில் மேலாளர் யோர்ன் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய், குழு ஒற்றுமை போதவில்லை என்ற ஞானத்தோடு திரும்பினான். ஆர்ஹுஸ் நகரத்திலிருந்து மால்தே என்ற பயிற்சியாளன் வரவழைக்கப்பட்டான். கழுத்தை மூடிய கறுப்பு ஸ்வெட்டர், மென்மையான குரல். "இது விளையாட்டு இல்ல, அனுபவம்" என்று சொல்லிப் பத்துப் பேரின் கைபேசிகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினான். பிறகு இரும்புக் கதவை மூடினான். சுவருக்குள்ளிருந்து புயல் ஊளையிட ஆரம்பித்தது. ஒலிபெருக்கி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அறையை ஏதோ இயந்திரம் வைத்து எட்டு டிகிரிக்கு இறக்கியிருந்தான். சுவரில் ஊரின் வரைபடம், நிஜத் தெருக்கள், நிஜக் குழாய்கள், தெருவுக்கு ஒரு சின்ன விளக்கு. ஆளுக்கொரு அட்டை கொடுக்கப்பட்டது. மேலாளர் யோர்னுக்குச் சமையல்காரன் வேஷம். சோல்வாயின் அட்டையில் 'முன்னுரிமை அலுவலர்' என்றிருந்தது.

பெரிய பம்பு நின்றுவிட்டது என்பது கதை. பாதி ஊருக்குத்தான் சூடு காணும். ஐம்பது நிமிடத்தில் பன்னிரண்டு தெருக்களை வரிசைப்படுத்தி மூடாவிட்டால் எல்லாக் குழாயும் உறைந்து வெடிக்கும். வரிசையை ஒருமனதாகச் சொல்ல வேண்டும்.

இதில்தான் மால்தே எங்கள் ஊரைச் சரியாகக் கணிக்கவில்லை. தட்டில் கடைசியாக மிஞ்சிய மீன் துண்டை யாரும் எடுக்காத ஊர் இது. பாதியாக வெட்டி எடுப்பார்கள், அடுத்தவன் அந்தப் பாதியைப் பாதியாக்குவான், கடைசியில் நகக்கண் அளவு ஒன்று காய்ந்து குப்பைக்குப் போகும். தன்னைக் கொஞ்சம் உசத்தியாக நினைத்துக்கொண்டான் என்ற பேர் வாங்குவதைவிட இங்கே திருட்டுப் பட்டம் வாங்குவது மேல். அடுத்தவன் தெருவை முதலில் மூடு என்று எந்த வாய் சொல்லும்? முப்பது நிமிடம் புயல் மட்டுமே பேசியது. வரைபடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

முப்பத்தொன்றாம் நிமிடம் சோல்வாய் பென்சிலை எடுத்து எழுதினாள். வானம்பாடித் தெரு. அவளுடையது.

மற்ற ஒன்பது பேரும் மூச்சு விட்டார்கள். வழி கிடைத்துவிட்டது. கொக்குத் தெரு என்றான் வால்வுக்காரன் தோர்கில். அவன் என் பக்கத்து வீடு. கடற்கரைத் தெரு என்றான் யோர்ன், கரண்டியும் கையுமாக. ஆளாளுக்குத் தன் தெருவைச் சொல்ல ஆறே நிமிடத்தில் பட்டியல் முடிந்தது. எந்தத் தெருவில் வயசாளிகள் அதிகம், எந்தக் குழாய் எங்கே போகிறது, எதுவும் பார்க்கப்படவில்லை. நாகரிகத்தின் வரிசை அது.

உடனே மேசை மேலிருந்த பழைய தொலைபேசி அடித்தது. மறுமுனையில் மால்தே கூட்டிவந்திருந்த நடிகை, தேம்பலோடு: "எங்க தெருவுல எல்லாரும் ஒரே நேரத்துல ஹீட்டரைப் போட்டுட்டாங்க, கரண்டும் போயிடுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு மெஷின் ஓடலை. எங்க தெருவை மட்டும் திறந்துவிடுங்க."

சோல்வாய் தன் வழக்கமான குரலில் பதில் சொன்னாள். "கஷ்டம் புரியுது. ஒருத்தருக்காக வரிசையை மாத்த முடியாது."

மால்தே கைதட்டினான். பயிற்சி முழுவதிலும் அதுதான் தலைமைப் பண்பின் உச்சம் என்று அறிக்கையில் எழுதினான். அவளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தான். கதவு திறந்ததும் எல்லோரும் வெளியே நின்று பீர் குடித்தார்கள்.

"வீட்டுக்கு வந்து சொன்னா" என்றான் ஹெல்கெ. "என்னை முதல்ல விறைக்க வெச்சியாடின்னு கேட்டேன். விளையாட்டுதானேன்னா."

"விளையாட்டுதானே" என்றாள் சோல்வாய்.

நவம்பர் முதல் வாரம் யோர்னிடமிருந்து ஊழியர்கள் எல்லோருக்கும் கடிதம் வந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் சங்கத்துக்கு ஓர் அவசரகாலத் திட்டம் இருந்தாக வேண்டும். புதிதாக எழுத நேரம் இல்லை. மால்தேயின் அறிக்கையில் அழகான அட்டவணை ஒன்று இருக்கிறது, ஊழியர்கள் ஒருமனதாகச் செய்தது. அதையே நிர்வாகக் குழுவில் வைத்தோம். ஆட்சேபணை இல்லை.

முன்னுரிமை அலுவலர் என்ற பதவியும் அட்டவணையோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. பதவிக்கு நேராக சோல்வாயின் பெயரே இருந்தது. சங்கத்தில் எந்தக் குளிர்காலத்திலும் அப்படி ஒரு பதவி இருந்ததில்லை.

"சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"என்னன்னு? எங்க வீட்டுல உடம்பு சரியில்ல, எங்க தெருவைக் கீழே தள்ளுங்கன்னா? முப்பத்தொரு வருஷம் இதைக் கேட்டவங்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன்?"

"ஹீட்டர் வாங்கியாச்சு" என்றான் ஹெல்கெ, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "தெருவுல நாற்பது வீடும் வாங்கியிருக்கு. எல்லாரும் ஒண்ணா மாட்டினா என்ன ஆகும்னு அந்த நடிகை நல்லாவே சொல்லிட்டா."

"ரெண்டு மாசம் உன் தங்கச்சி வீட்டுல போய் இருக்கலாமே."

"போடில் வீட்டுலயா? குளிரே தேவலை."

இருந்தும் சோல்வாய் பேசினாள். நவம்பர் கடைசி வியாழன், மாதக் கூட்டத்தில். எப்படிப் பேசினாள் என்பதை தோர்கில் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எனக்குச் சொன்னான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவன் வாயில் உச்சபட்சப் பாராட்டு 'மோசமில்ல'.

டென்மார்க்கில் இரண்டு பேர் கூடினாலும் நிகழ்ச்சி நிரல் உண்டு. கடைசி வரி எப்போதும் 'இதர விஷயங்கள்'. அந்த வரியின் கீழ் யாரும் எதையும் பேசலாம், எதையும் முடிவு செய்ய மட்டும் கூடாது. முடிவு வேண்டுமென்றால் எட்டு நாள் முன்னதாக எழுதிக் கொடுத்து, விஷயத்துக்குத் தனி எண் வாங்க வேண்டும். சோல்வாய்க்கு இது கரதலப்பாடம். கூட்டக் குறிப்பை எழுதுகிறவளே அவள்தான். ஆனால் தாளில் 'என் கணவர்' என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டாள். எட்டு நாள் கெடு கடந்துவிட்டது. ஆகவே ஏழாவதான அந்தக் கடைசி வரி வரும்வரை காத்திருந்து கையைத் தூக்கினாள்.

"நல்லாத்தான் சொன்னா" என்றான் தோர்கில். "மெஷினைப் பத்தி, டாக்டர் சொன்ன இருபது டிகிரியைப் பத்தி. ஒரு நிமிஷம்தான். உக்காந்துட்டா."

"அப்புறம்?"

"எல்லாரும் தரையைப் பாத்தோம். யோர்ன் கண்ணு கலங்கிட்டான். 'சொன்னதுக்கு ரொம்ப நன்றி சோல்வாய். ஆனா இது இதர விஷயம். இதுல முடிவெடுக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்'னான். தெரியும்னா. குறிப்புல எழுதிக்கன்னான். எழுதிக்கிட்டா."

"அடுத்த கூட்டம்?"

"டிசம்பர்ல கூட்டம் இல்ல. கிறிஸ்துமஸ் விருந்துதான். ஜனவரி இருபத்தொன்பது."

அன்று மாலை காற்று கிழக்குக்குத் திரும்பியது. எங்கள் ஊரில் காற்று மேற்கிலிருந்து வரும்வரை மழை, சேறு, சலிப்பு, அவ்வளவுதான். கிழக்கிலிருந்து வந்தால் யாரும் எதுவும் சொல்லாமல் ஜன்னல் இடுக்குகளில் துணி செருகத் தொடங்குவார்கள்.

டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வெளியே மைனஸ் பன்னிரண்டு. ஏழு பத்துக்குப் பெரிய பம்பு நின்றது. பதுங்கு அறையில் மால்தே சொன்ன கதையில் வந்த அதே பம்பு. திட்டத்தின்படி முன்னுரிமை அலுவலர் வால்வுக்காரனைப் போனில் கூப்பிட்டு முதல் தெருவின் பெயரை வாசிக்க வேண்டும். சோல்வாய் கூப்பிட்டாள். அந்தப் பேச்சை தோர்கிலிடமிருந்து மூன்று தவணையில் வாங்கினேன், நடுவில் இரண்டு பாட்டில் பீர் செலவானது.

"பம்பு போச்சு" என்றாள்.

"தெரியும். முதல்ல எது?"

தாள் புரள்கிற சத்தம் கேட்டதாம். பன்னிரண்டு பெயர் எழுதிய ஒற்றைத் தாள் அது, புரட்ட ஒன்றும் இல்லை.

"வானம்பாடித் தெரு."

தோர்கில் கையிலிருந்த வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தான்.

"வாசிச்சது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வானம்பாடித் தெரு வால்வு திரும்பலை."

"நீ இன்னும் வண்டியையே எடுக்கலை."

"திரும்பாது. இருபத்திரண்டு வருஷமா அதைத் திருப்பறவன் நான், எனக்குத் தெரியாதா? அடுத்தது என்ன?"

"தோர்கில்."

"அடுத்தது என்னன்னு கேட்டேன்."

"கொக்குத் தெரு. அது உன் தெரு."

"என் தெரு எதுன்னு எனக்குத் தெரியும். ஒரு அடுக்குக் கேக், நல்லா க்ரீம் வெச்சு. கடன், ஞாபகம் வெச்சுக்க."

கொக்குத் தெருவில் ஏழரைக்குச் சூடு நின்றது. பம்பை ஒப்பேற்றி மறுபடி திறக்க மாலை ஆறரை. பதினோரு மணி நேரம். நான் ஓவர்கோட்டும் தொப்பியுமாகப் போர்வைக்குள் கிடந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் தோர்கிலின் மனைவி எல்செ, சங்கத்தையும் பட்டியலையும் பட்டியல் போட்டவர்களின் வம்சத்தையும் வரிசைக்கிரமமாகத் திட்டுவது கேட்டது. வால்வைத் திருப்பிய கை யாருடையது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் திருப்பாமல் விட்டது எது என்று தெரியாது.

சங்கத்தின் பதிவேட்டை எந்தப் பங்காளியும் பார்க்கலாம். இணையத்திலேயே இருக்கிறது. 'வானம்பாடித் தெரு: வால்வு இறுகியிருந்தது, திரும்பவில்லை. அடுத்து கொக்குத் தெரு மூடப்பட்டது.' எழுதியவர் சோல்வாய். அவள் எழுதிய முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பகல் இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் நடக்கக் கிளம்பினேன். கால் வானம்பாடித் தெருவுக்குப் போனது. தெருமுனையில் வால்வு மூடி, வட்டமாக இரும்பு. அதன்மேல் இரவு பெய்த பனி கையகலம் உயரத்துக்கு அப்படியே இருந்தது. ஒரு காலடி இல்லை, கம்பி வைத்து நெம்பிய தடம் இல்லை. யார் பார்த்தாலும் தெரிந்துவிடும், அன்றைக்கு அந்த மூடியை யாரும் தொடவேயில்லை என்று. எதிர் ஜன்னலில் ஹெல்கெ, மூக்கில் குழாயோடு, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். பிறகு பூட்ஸ் காலால் மூடியின் மேலிருந்த பனியை நன்றாகக் கலைத்து மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் இந்த ஊரில் பதிவேட்டில் ஏறிய எதையும் யாராவது ஒருவர் படிப்பார். படித்தவர் ஏதாவது செய்தாக வேண்டும். யோர்ன் படித்தான். அவசரகாலத்தில் திரும்பாத வால்வு ஆபத்து, அதுவும் பட்டியலின் முதல் தெருவில். புதிதாக மோட்டார் வால்வு போடுவதென்று கிறிஸ்துமஸுக்கு முன்பே உத்தரவாகிவிட்டது. ஜனவரி எட்டு, வியாழக்கிழமை பொருத்துகிறார்கள்.

"மோட்டார் வந்தா என்ன ஆகும்?" என்று தோர்கிலைக் கேட்டேன்.

"பட்டியலைக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டாங்க. அழுத்தம் குறைஞ்சா தானா மூடிக்கும். யாருக்கும் போன் பண்ண வேண்டாம், யாரும் வண்டி எடுக்க வேண்டாம்."

"பழைய வால்வு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடேன்."

"சொல்லலாம். சொன்னா அன்னைக்கு ஏன் மூடலைன்னு கேப்பாங்க. நானும் போவேன், எழுதினவளும் போவா. வேலை போனா அவனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?"

சோல்வாய் இந்தத் தடவை எழுதிக் கொடுத்துவிட்டாள், எட்டு நாள் இல்லை, முப்பது நாள் முன்னதாக. 'என் கணவர்' என்று ஆரம்பிக்கிறதாம். ஜனவரி இருபத்தொன்பது கூட்டத்தில் நான்காவது விஷயம். எட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவே மூன்று வாரம். எங்கள் ஊரில் வருஷத்தின் மிகக் குளிர்ந்த மூன்று வாரம் எது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். பம்பில் போட்டிருப்பது வேறொரு பழைய பம்பிலிருந்து கழற்றிய பேரிங். காற்று இல்லாத நேரத்தில் கொதிகலன் பக்கமாகப் போனால் அது மெல்ல முனகுவது சாலைவரை கேட்கிறது. வியாழனுக்குப் பிறகு கிழக்குக் காற்று என்கிறது வானொலி.

கேக் விஷயம் அப்படியே நிற்கிறது. அலுவலகத்தில் கேக் கொண்டுவருகிறவர் காரணம் சொல்லாமல் வெட்ட முடியாது. இங்கே தப்புச் செய்தவர்தான் கேக் வைப்பார். டப்பாவைப் பார்த்ததுமே மற்ற ஒன்பது பேரும், "என்னத்தை உடைச்சே?" என்று சுற்றி நிற்பார்கள். அவளால் பதிவேட்டில் ஒரு வரி பொய் எழுத முடிந்தது. ஒன்பது முகத்துக்கு நேராக இன்னொன்று சொல்ல வராது.

"அவளே உன் வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போகலாமே" என்றேன் தோர்கிலிடம், நேற்று, வேலியோரம்.

அவன் தன் வீட்டு ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "எல்செ கேப்பாளே, எதுக்குன்னு. அவ கால் விரல் ரெண்டுல இன்னும் உணர்ச்சி வரலை."

"அப்ப கடன்?"

"இருக்கட்டும்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பனி தள்ளப் போனான்.